விழுந்த பிறகும் உள்ளே வளரும் கிங்கோ விதை

கிங்கோ மரத்தின் விதையைப் பொறுக்கிய கையோடு மண்ணில் புதைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் முளைக்கவில்லையே என்று தோண்டிப் பார்க்காதீர்கள். மரத்திலிருந்து விழும்போது பல விதைகளுக்குள் இருக்கும் கரு பாதி வளர்ச்சியில்தான் இருக்கும்.

காரணம் இந்த மரத்தின் நிதானமான இனப்பெருக்கம். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. வசந்த காலத்தில் காற்றில் வரும் மகரந்தம் பெண் மரத்தின் சூலுக்குள் போய் மாதக்கணக்கில் தங்கி மெல்ல வளர்கிறது, கோடை முடியும் சமயத்தில்தான் அதிலிருந்து விந்தணுக்கள் வெளிவந்து நீந்திப்போய் முட்டையைச் சேருகின்றன. ஆமாம், நீந்தித்தான்! ஒரு விதைத் தாவரத்தில் இப்படி நடக்கிறது என்பதை 1896-இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஹிரசே சகுகோரோ கண்டுபிடித்தார், எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் அது. இதில் இன்னொன்று, கருவுக்கான உணவுத் திசு கருவுறுதலுக்கு முன்பே நிறைந்துவிடும், அதனால் கனமான விதை என்பதாலேயே உள்ளே கரு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. நாலைந்து விதைகளாவது போடுங்கள்.

முதலில் விதையைச் சுற்றியுள்ள சதையை நீக்க வேண்டும். பியூட்ரிக் அமிலத்தால் அது கடுமையாக நாறும், தோலில் பட்டால் அரிப்பும் வரும், கையுறை கட்டாயம். கழுவிய விதைகளை ஈர மணலில் வைத்து, ஒன்றிரண்டு மாதம் சாதாரண அறை வெப்பத்திலேயே விடுங்கள். கரு வளர்ந்து முடிவது இப்போதுதான், பலர் தவறவிடுவதும் இதைத்தான். அப்புறம் இரண்டு மாதம் போல ஃபிரிட்ஜில், 4-5 டிகிரி செல்சியஸில். அந்தக் குளிர், குளிர்காலம் கடந்துவிட்டது என்று விதைக்கு உணர்த்தி உறக்கத்தைக் கலைக்கிறது. மணல் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடித்துவிடும்.

சரி, இனி ஆழமான தொட்டி. முதலில் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும், விதையிலைகள் ஓட்டுக்குள்ளேயே இருந்து உணவை உறிஞ்சித் தரும், அதனால் தண்டு எழுந்த பிறகும் விதையைப் பிடுங்கி எறியாதீர்கள். முதல் சில வருடங்கள் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், குளிர்காலத்துக்கு முன் இலைகள் மஞ்சளாகி உதிர்வதும் இயல்பு.

ஆணா பெண்ணா என்று கன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது, மரம் முதிர இருபது வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆண் மரம்தான் வேண்டும் என்பவர்கள் ஒட்டுக் கன்று வாங்குவதே சரி.