கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டை

குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். மரம் நனைந்திருந்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது. ஆகவே இரவில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதை அப்பா விடியுமுன் தெரிந்துகொள்வதற்காக, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையையும், தானே ஒளிரும் கரிமப் படலத்தாலான 0.96 அங்குல ஓஎல்இடி திரையையும் இணைத்து ஒரு மழைமானி செய்திருக்கிறார். நேரில் பார்த்தால் எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் வளைகுடாவில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியில் வீடியோ எடுத்தபோது, திரையின் மேல் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து சென்றிருக்கின்றன. திரை பழுதா என்பது அவருடைய கேள்வி. மின்கருவியை அக்னி மூலையில் வைக்காமல் கன்னி மூலையில் மாட்டியதுதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொன்னதையும் அவர் சேர்த்து எழுதியிருந்தார். திரையைக் கழற்றி வேறு மூலையில் வைத்து மறுபடியும் படமெடுத்தால் அந்த விளக்கத்தின் கதி தெரிந்துவிடும் என்பதால், அதை அவருக்கே விட்டுவிடுகிறேன்.

திரை நன்றாகவே இருக்கிறது. முழுப் படமும் ஒரே கணத்தில் அந்தக் கண்ணாடியில் ஒளிர்வதே இல்லை என்பதைத்தான் கைப்பேசி காட்டிக்கொடுத்திருக்கிறது.

இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள், ஐ2சி முறையில் தகவல் போக இரண்டு கம்பிகள், ஆக நான்கே கம்பிகள். திரையில் 128 நிரல்களும் (நெடுக்கு வரிசைகள்) 64 நிரைகளுமாக (குறுக்கு வரிசைகள்) 8192 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று கணக்கிட்டால் ஒரு படம் 1024 பைட். பரவலாகப் புழங்கும் ஊனோ ஆர்3 பலகையின் மொத்த ரேம் நினைவகமே 2048 பைட்தான். படத்தை அதில் வரைந்து அனுப்பும் வழக்கமான புரோகிராம்கள் அதில் பாதியை விழுங்கிவிடுகின்றன. நொடிக்கு 4 லட்சம் துடிப்பு என்ற வேகத்தில் அனுப்பினால் ஒரு படம் போய்ச் சேர ஏறத்தாழ 25 மில்லிநொடி ஆகும்.

போய்ச் சேரும் இடம் கண்ணாடி அன்று. திரையோடு ஒட்டியிருக்கும் எஸ்எஸ்டி1306 என்ற சில்லுக்குள் இன்னொரு 1024 பைட் நினைவகம் இருக்கிறது. படம் அங்கேதான் தங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்டுயினோவின் ஏ4 முனையிலிருந்து தகவல் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். மழை அளவு அதற்குமேல் மாறாது. ஆனால் கடைசியாக வந்த எண் அப்படியே ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஆர்டுயினோ அனுப்பி முடித்த பிறகு படத்தைத் தாங்கி நிற்பது இந்தச் சில்லுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 8192 புள்ளிகளுக்கும் தனித்தனியே கம்பி இழுத்தால் நகத்தளவுக் கண்ணாடியில் இடமே இருக்காது. அதனால் நெடுக்கில் 128 கம்பிகளையும் குறுக்கில் 64 கம்பிகளையும் ஓட்டி, அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒளிரும் கரிமப் படலத்தை வைத்திருக்கிறார்கள். 192 கம்பிகளில் வேலை முடிந்துவிடுகிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. முதல் நிரையில் 10ஆம் புள்ளியும் 20ஆம் புள்ளியும் மட்டும், அடுத்த நிரையில் 10 முதல் 20 வரை எல்லாப் புள்ளிகளும் ஒளிர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிரைகளையும் ஒன்றாக இயக்கினால், ஒரே நிரல் கம்பியில் வரும் மின்னோட்டம் இரண்டுக்கும் பாய்ந்து, முதல் நிரையும் முழுக்கோடாகிவிடும். எனவே எந்தக் கணத்திலும் ஒரே ஒரு நிரையை மட்டும் சில்லு ஒளிர வைக்கிறது. மற்ற 63 நிரைகளும் அப்போது இருட்டில் கிடக்கின்றன. முதல் நிரை, இரண்டாம் நிரை என்று 64 வரை ஓடி மீண்டும் மேலே வருகிறது; இப்படி நொடிக்கு ஏறத்தாழ 100 சுற்று. ஒரு நிரைக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 156 மைக்ரோநொடி. 64இல் ஒரு பங்கு நேரமே ஒளிர்வதால், கண்ணுக்குச் சராசரி ஒளி போதுமான அளவில் தெரிய, அந்தச் சிறு நேரத்துக்குள் ஒவ்வொரு புள்ளியும் 64 மடங்கு பிரகாசமாக ஒளிர வேண்டியிருக்கிறது. ஒரு நிரல் கம்பி தரக்கூடியது அதிகபட்சம் 100 மைக்ரோஆம்பியர். நிரை முழுவதும் ஒளிர்ந்தால் 128 கம்பிகளின் மின்னோட்டமும் ஒரே குறுக்குக் கம்பியில் சேர்ந்து 12.8 மில்லிஆம்பியர் ஆகும். அந்தக் குறுக்குக் கம்பி சேரும் சில்லின் முனை தாங்குவது 15 மில்லிஆம்பியர். கணக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முட்டம் கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை தன் பக்கம் திரும்பும்போதுதான் கடலில் இருப்பவருக்கு வெளிச்சம் தெரிகிறது. அதே விளக்கு நொடிக்கு 100 முறை சுழன்றால், அது அணையாமல் எரிகிறது என்றே அவர் சொல்வார். கைப்பேசிக் கேமரா அப்படி ஏமாறுவதில்லை. அதன் ஷட்டர் நொடியில் 500இல் ஒரு பங்கு, அதாவது 2 மில்லிநொடி மட்டுமே திறந்திருந்தால், அதற்குள் 13 நிரைகள் அளவுக்கே ஒளிர்ந்து முடிந்திருக்கும். கேமராவின் உணரியும் தன் படத்தை வரிவரியாகவே வாசிக்கிறது. இரண்டு ஓட்டங்களும் ஒத்துப்போகாததால்தான் பட்டை ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது. மைக்ரோநொடிக் கணக்கில் நடக்கும் ஒன்றை, மின் துடிப்புகளை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் கருவி இல்லாமலே பார்க்க முடிகிறது என்பதால், வகுப்பறைக்குப் பெரிய திரை வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை இந்தச் சிறிய திரைகளுக்கும் ஒரு சால்டரிங் அயர்னுக்கும் பள்ளிகள் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

மாமாவுக்கு அனுப்ப நல்ல வீடியோ வேண்டுமென்றால், கேமராவின் புரோ அமைப்பில் ஷட்டரை நொடியில் 50இல் ஒரு பங்காக வைத்தால் போதும். அதற்குள் இரண்டு சுற்றுகள் முடிந்துவிடுவதால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். சில்லின் உள் கடிகாரத்தை வேகப்படுத்தும் கட்டளையும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன்: கரிமப் படலம் ஒளிர ஒளிர மங்கும் தன்மையது, ஒரே சொல் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் தங்கிவிடும், ஆகவே ஒரு பொத்தானை வைத்து, அப்பா அழுத்தும்போது மட்டும் ஒரு நிமிடம் ஒளிர்ந்து அணையும்படி புரோகிராமை மாற்றிக்கொள்ளட்டும்.