பேரீச்சம்பழத்துக்கும் தராவீஹுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்

குவைத்தில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய எடை 130 கிலோ, கூடவே சர்க்கரை நோய். அங்கேயே எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இப்போது 85 கிலோ. சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. சிகிச்சை முடிந்து வந்த முதல் ரமலானில் மருத்துவர் சொல்கேட்டு நோன்பை விட்டார். பிறகு பகல் குறுகிய குளிர்கால நாட்களில் களா செய்தார், அதாவது விட்ட நோன்புகளுக்கு ஈடாக நோற்றார். இந்த முறை அனுமதி வாங்கிக்கொண்டு நோன்பு பிடித்திருக்கிறார்.

"பகல் முழுவதும் ஒன்றும் ஆகவில்லை. பசிகூடத் தெரியவில்லை. நோன்பு திறந்து மஃரிப் தொழும்போது நெஞ்சு படபடக்கிறது. அது அடங்கிவிடுகிறது. இஷாவுக்குப் பிறகு தராவீஹில் நிற்கும்போதுதான் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டுகிறது. சாப்பிடாதபோது வராத மயக்கம் சாப்பிட்ட பிறகு ஏன் வர வேண்டும்?"

(மஃரிப் அந்தித் தொழுகை, இஷா இரவுத் தொழுகை. ரமலான் இரவுகளில் இஷாவுக்குப் பின் தொழும் நெடிய தொழுகை தராவீஹ்.) கடிதத்தின் கடைசியில் இன்னொரு செய்தி. மெலிந்து முகக்களை கூடிவிட்ட பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்று உம்மா (அம்மா) ஊரிலிருந்து தேன் ஓதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மயக்கம் வரும்போது ஒரு கரண்டி தேன் சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறதாம். "இதற்கு உங்கள் அறிவியல் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறார். சற்றுக் குறும்பான ஆள் என்று நினைக்கிறேன்.

முதலில் பசி எங்கே போயிற்று என்பதைப் பார்த்துவிடுவோம். 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது இரத்தத்தில் இது ஏறும். மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்பும். இதைப் பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்முகடு. ஸ்லீவ் என்னும் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படும். அந்த முகடும் அதோடு போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான். நம் நண்பருக்குச் செய்திருக்கும் பைபாஸில் எதையும் எடுப்பதில்லை. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும். இவர்களுக்குப் பசி குறைவதில் கிரெலினுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. சிறுகுடல் சுரக்கும் வேறு ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அவற்றில் ஒன்றுதான் இந்தக் கதையின் நாயகன். வில்லனும் அதுவே.

நாயகனுக்கு முன்னால் ஒரு காவலாளியைப் பார்க்க வேண்டும். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதன் பெயர் பைலோரஸ். கிரேக்க மொழியில் வாயிற்காவலன் என்று பொருள். உடற்கூறியலில் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வாங்கிய உறுப்பு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. இரைப்பை உணவை அரைத்துக் கூழாக்கும். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிய துணுக்குகளைக் காவலாளி எளிதில் விட மாட்டார், திருப்பி அனுப்புவார். அதைவிட வியப்பு, அவர் கலோரியும் பார்ப்பார். சிறுகுடலிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கேட்டு, நிமிடத்துக்கு இரண்டு மூன்று கலோரி என்ற கணக்கில்தான் உணவை உள்ளே அனுப்புவார். பெரிய மெஜூல் பேரீச்சம்பழங்கள் மூன்றைச் சாப்பிடுகிறீர்கள். ஏறத்தாழ 200 கலோரி. சாதாரண வயிற்றில் அவை சிறுகுடலைச் சென்றடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரேஷன் கடையில் ஒவ்வொரு அட்டையாகப் பதிந்து அரிசி அளக்கிற நிதானம்.

பைபாஸ் செய்துகொண்டவருக்கு இந்தக் காவலாளி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். உணவு வரும் வழியே வேறு. மென்று விழுங்கிய பேரீச்சம்பழம் சில நிமிடங்களில் சிறுகுடலில் போய் விழுகிறது.

அடுத்து நடப்பது பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான். அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் குடலுக்குள் வந்து நின்றால், அதை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படும். குடல் உப்பும், இரத்தத்தின் அளவு குறையும், ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். இது பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடக்கும். ஏற்கெனவே 13 மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டு நீர் இறங்காத உடம்பு. போதாததற்கு எழுந்து நிற்கிறார். இரத்தம் காலில் தேங்குகிறது. மஃரிபில் வந்த படபடப்பு இதுதான். மருத்துவர்கள் இதை முந்திய டம்பிங் என்பார்கள். மணல் லாரி பின்பக்கத்தைத் தூக்கி ஒரேயடியாகக் கொட்டுகிறதே, அதுதான்.

இனி பிந்திய டம்பிங். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து லிட்டர் இரத்தத்தில் எந்த நேரமும் இருக்கும் சர்க்கரை மொத்தம் சுமார் ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டிதான்! அந்த மூன்று மெஜூல் பழங்களில் ஏறத்தாழ 48 கிராம் சர்க்கரை. அதில் பாதியளவு குளுக்கோஸ். அதாவது இரத்தத்தில் உள்ளதைப்போல ஐந்து மடங்கு குளுக்கோஸ் குடலில் வந்து குவிகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே பிரிந்திருக்கும் எளிய சர்க்கரை என்பதால் செரிமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உறிஞ்ச வேண்டியதுதான் பாக்கி.

1964-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரு விந்தையைக் கண்டன. குளுக்கோஸை இரத்தக்குழாயில் ஏற்றுவதைவிட வாய்வழியாகக் கொடுத்தால் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை இரத்தத்தில் சேருவதற்கு முன்பே யாரோ கணையத்துக்குத் தகவல் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தூதர்களில் முக்கியமானவர்தான் நம் நாயகன், ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோன். இதைச் சுரக்கும் செல்கள் சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் நிறைய இருக்கின்றன. வழக்கமாக அவ்வளவு தூரம் சர்க்கரை போய்ச் சேராது, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பைபாஸில் உணவு முன்கூட்டியே, வேகமாகக் கீழே இறங்குவதால் இந்தச் செல்கள் வாழ்நாளில் கண்டிராத சர்க்கரை வெள்ளத்தைக் காண்கின்றன. பெரிய விருந்தொன்று வருகிறது என்று எண்ணிக் கூக்குரலிடுகின்றன. ஜி.எல்.பி-1 பல மடங்கு எகிறுகிறது. கணையம் இன்சுலினை வாரி இறைக்கிறது.

விருந்து வரவில்லை. வந்தது மூன்று பேரீச்சம்பழமும் ஒரு கோப்பை சர்பத்தும். அவ்வளவு சிறிய பையை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சாப்பிட முடியாது. குளுக்கோஸ் மளமளவென்று ஏறி, அதே வேகத்தில் உறிஞ்சி முடிந்துவிடுகிறது. இன்சுலினோ இன்னும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே சர்க்கரை, தொடங்கிய இடத்துக்கும் கீழே சரிகிறது. நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் இடையில் இது வரும். குவைத்தில் மாலை ஆறு மணிவாக்கில் நோன்பு திறந்தால், ஏழரைக்கு அவர் தராவீஹின் முன்வரிசையில் நிற்பார்.

இப்போது உம்மாவின் தேன். சர்க்கரை தாழ்ந்தவருக்குத் தேன் கொடுத்தால் கால் மணி நேரத்தில் சர்க்கரை ஏறும், மயக்கம் தெளியும். ஓதினாலும் ஓதாவிட்டாலும் தெளியும். ஆனால் அந்தத் தேனும் அதே பாதையில்தான் இறங்கும், அதே ஜி.எல்.பி-1-ஐ எழுப்பும், இரவு பத்து மணிக்கு இன்னொரு சரிவு வரக்கூடும். அப்போது இன்னொரு கரண்டி. மருந்தே அடுத்த நோயைக் கொண்டுவந்து, அடுத்த நோய் மருந்தின் பெருமையை உயர்த்துகிறது. கண்ணேறு என்ற முடிவு இப்படித்தான் வீட்டுக்கு வீடு நிலைபெறுகிறது. உம்மாவின் துஆவைப் (வேண்டுதலைப்) பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. கண்ணேறு என்று சொல்லி மருத்துவரிடம் போகாமல் இருப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன். தாழ்சர்க்கரை வாகனம் ஓட்டும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு கிளைக்கதை. நம் உடலின் ஜி.எல்.பி-1 இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். நெடுநேரம் தங்கும் ஒத்த பொருளொன்றை ஜான் எங் என்ற மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். கிடைத்த இடம் கிலா என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சு! அதிலிருந்துதான் இந்த வகையில் சர்க்கரை நோய்க்கான முதல் மருந்து வந்தது. சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் வாரம் ஒரு ஊசியாக இன்று உலகமே வாங்கும் செமாகுளுடைடு அதே குடும்பம். பல்லி நஞ்சை ஆராயப் பணம் கொடுங்கள் என்று நம் ஊரில் ஒருவர் விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்கு உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஒதுக்காத நாடு இது. விண்ணப்பம் மேசைக்கு வருமுன்பே சிரித்துவிடுவார்கள்.

சரி, நண்பர் என்ன செய்யலாம்? பேரீச்சம்பழம் நபிவழி, அதை எப்படி விடுவது என்பார். அதே நபிமொழியில், கனிந்த பழம் இல்லையேல் காய்ந்த பழம், அதுவும் இல்லையேல் சில மிடறு தண்ணீர் என்று வருகிறது. தண்ணீரில் திறந்து, பாதிப் பழத்தை நன்கு மென்று சாப்பிட்டால் காவலாளி இல்லாத குறை ஓரளவு சரியாகும். சர்பத்தை அறவே விட வேண்டும். கறியோ முட்டையோ பருப்போ முதலில், மாவுச்சத்து கடைசியில். வளைகுடாவில் தமிழர்கள் கூடும் இடங்களில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். அரிசியைக் குறைத்து, பாசிப்பருப்பையும் கைமாவையும் கூட்டிக் காய்ச்சினால் இவர்களுக்கு ஏற்றதே. சமோசாவைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

தண்ணீர்தான் பெரும்பாடு. இவர்கள் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். மஃரிபிலிருந்து ஸஹர் (விடியலுக்கு முந்திய உணவு) முடியும்வரை பத்தரை மணி நேரம். தூக்கத்துக்கு ஐந்து, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அதன்பின் பொறுப்பதற்கும் இரண்டரை. எஞ்சுவது மூன்று மணி நேரம். நான்கு நிமிடத்துக்கு ஒரு மிடறு, விடாமல்! 2015-ல் ரமலான் குவைத்தின் கொடுங்கோடையில் வந்தது. பகல் நோன்பே பதினைந்தரை மணி நேரத்தை ஒட்டியிருந்தது. அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஓராண்டுக்கு நோன்பு வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்வதற்குப் பசி காரணமல்ல, இந்தத் தண்ணீரும் புரதமும்தான்.

ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குச் சிக்கல் வேறு. அவர்களுக்குக் காவலாளி இருக்கிறார். ஆனால் குறுகிய குழாயில் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலேறும். தராவீஹ் இருபது ரக்அத் (தொழுகைச் சுற்று) என்றால் நாற்பது சுஜூத் (நெற்றியைத் தரையில் வைத்தல்). வயிறு நிறைய உண்டுவிட்டு நாற்பது முறை தலையைத் தாழ்த்தினால் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்? இஷாவுக்கு முன்பு கொஞ்சம், தராவீஹ் முடிந்து மீதி என்று பிரித்துக்கொள்வது நல்லது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கத்தில் எல்லோரும் அறிந்ததே.

நோன்பை விட்ட ஆண்டைப் பற்றி அவர் கடிதத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிந்தது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனின் 2:184-ம், உங்களுக்கு எளிதானதையே இறைவன் நாடுகிறான் என்று 2:185-ம் சொல்கின்றன. மேற்கொண்டு ஆலிம்களை (மார்க்க அறிஞர்களை) கேட்டுக்கொள்ளட்டும். அது என் துறையல்ல. என் துறையைச் சேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியைச் சொல்லி, "இதைப் பின்பற்றியிருந்தால் கத்தி வைத்திருக்க வேண்டாமே" என்று இவர்களைக் குத்துபவர்கள் உண்டு. உடற்பருமனில் மரபணுவுக்கும் ஹார்மோனுக்கும் உள்ள பங்கு தெரிந்த பின்பும் அதை வெறும் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது, கண்ணேறைவிட மோசமான மூடநம்பிக்கை.

அவருக்குப் பதில் எழுதுமுன் ஒன்று கேட்டேன்: மயக்கத்தின்போது சர்க்கரை அளந்து பார்த்தீர்களா? தினமும் மாலை நான்கு மணிக்கு அளப்பதாகச் சொன்னார். நோன்பு முற்றிய நேரத்தில்தானே தாழும் என்று நினைத்தாராம். விரலில் குத்தி அளப்பதால் நோன்பு முறியாது, அளவு 70-க்குக் கீழே போனால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நான்கு மணி அளவுகள் எல்லாம் நேர்த்தியாக இருந்தன. ஏழரை மணிக்கு அந்தக் கருவி வீட்டில், பிரிட்ஜின் மேல் இருந்திருக்கிறது. இனி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவதாக எழுதியிருக்கிறார்.