தாது: ஒரு கல்லுக்கு எப்போது அந்தப் பெயர்?

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், குப்பம் ஊரை அடுத்த குடுபள்ளி பக்கம் என் சித்தப்பாவுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. போன மாதம் அவர் போன் செய்தார். யாரோ அனுப்பிய செய்தி ஒன்று அவர் கைபேசிக்கு வந்திருந்தது: ‘எல்லையோரக் கிராமங்களில் பூமிக்கடியில் வெள்ளித் தாது!’ மறுநாளே நிலத்தரகர் ஒருவர் தோப்பைத் தேடி வந்துவிட்டாராம். “தாது கெடச்சிடுச்சுன்றாங்களே, வித்துடலாமா, வெச்சிருக்கலாமாப்பா?” என்று கேட்டார். என்ன ஆதாரம் என்று விசாரித்தால், எப்போதோ எங்கேயோ சோதனைக்குப் பாறைத் துண்டுகள் எடுத்துப் போனதைத் தவிர வேறொன்றும் இல்லை. நாலு ஏக்கரை அசைத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு சொல் தவறாகப் புழங்குகிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

‘தாது’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே ‘தா’ என்ற வேருக்கு வைத்தல், நிறுவுதல் என்று பொருள். எதன்மேல் மற்றவை நிற்கின்றனவோ அது தாது. இலக்கணத்தில் வினைச்சொல்லின் வேர் தாது. வைத்தியத்தில் உடம்பைத் தாங்கும் ஏழு கட்டுகள் தாது. பௌத்தர்களுக்குப் புத்தரின் எலும்பும் பல்லும் தாது. பூமியிலிருந்து எடுக்கும் உலோகக் கல்லும் தாது. சித்த மருத்துவம் மருந்துச் சரக்குகளைத் தாது, தாவரம், சீவம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அதில் வரும் தாது இந்தக் கடைசிப் பொருளில்தான். சங்கப் பாட்டுகளில் தாது பூவின் மகரந்தம், வண்டு தாதுண்ணும். பொடியாக உதிர்ந்த எருவைத் ‘தாதெரு’ என்றார்கள். பொடி என்ற நிழல் தமிழில் இந்தச் சொல்லோடு கூடவே வந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு தாதுவும் உண்டு: தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கிய அந்தக் கொடும் பஞ்சத்தைத் தெலுங்குக்காரர்கள் ‘தாத கருவு’ என்பார்கள். அவர்கள் உச்சரிப்பே மூலத்துக்கு நெருக்கம். அறுபது ஆண்டு வரிசையில் பத்தாவதாக வரும் அந்தப் பெயர் ‘தாத்ரு’, அதாவது படைப்பவன். தமிழ் வாயில் அது தேய்ந்து தாது ஆகி, உலோகத் தாதுவோடு ஒட்டிக்கொண்டது. வேர் ஒன்று, சொல் வேறு. பஞ்சம் ஓய்ந்த சில வருஷங்களில், 1880இல், ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. கல் உடைக்கப் போனவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுத் தமிழர்கள். 1911 வரை சித்தூர்ப் பகுதியும் அந்த வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான்.

என் பெரியப்பா கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் வீட்டு டிவி ஸ்டாண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் இருக்கும். சாம்பல் கறுப்பு, நடுவே பால் வெள்ளையாகக் குவார்ட்ஸ் வரி. வெயிலில் திருப்பினால் ஊசிமுனை அளவு மினுக்கம். சின்ன வயதில் “இது தங்கமா பெரியப்பா?” என்று கேட்டேன். “உள்ள தங்கம் இருக்குது, ஆனா இது சும்மா கல்லு. மில்லுக்குப் போற கல்லு வேற” என்றார். பல வருஷம் எனக்குப் புரியாத பதில் அது. கனிமத்துக்கும் தாதுவுக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கனிமம் இயற்கை கொடுத்தது. ‘கனி’ என்றால் தோண்டும் இடம், சுரங்கம். ‘கன்’, தோண்டு என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. பழம் என்ற கனிக்கும் இதற்கும் உறவில்லை. தாது என்ற பெயரை இயற்கை கொடுப்பதில்லை, கணக்கு கொடுக்கிறது. வெட்டி, தூக்கி, அரைத்து, பிரித்து, விற்ற பிறகு செலவு போகக் கையில் மிஞ்சினால் அந்தப் பாறை தாது. மிஞ்சாவிட்டால் எத்தனை மினுக்கினாலும் கனிமப் பாறைதான். எல்லாத் தாதுவும் கனிமம், எல்லாக் கனிமமும் தாதுவல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் முழு அர்த்தம் இதுதான்.

வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் பாறையில் 155 கிராம் வெள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், சந்தைக் கணக்கில் அது ஏறக்குறைய 5 அவுன்ஸ். 2001இல் அவுன்ஸ் நாலரை டாலர் அளவில் கிடந்தது. அப்போது அந்த டன்னில் இருந்த வெள்ளியின் மதிப்பு 22 டாலர் சொச்சம். 2025 அக்டோபரில் விலை 50 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் அதே டன்னுக்கு 250 டாலர். பாறை ஓர் அணுவும் மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. இதே கணக்கு தலைகீழாக நடந்த இடம் கோலார். தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் தந்த சுரங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. ஆழமோ 3 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். எங்கள் சித்தூர் மாவட்டத்துச் சிகர்குண்டாவிலும் வேலை நின்றது. உள்ளே தங்கம் தீர்ந்துபோகவில்லை. தாது தீர்ந்துபோனது.

சித்தப்பாவுக்கு இதைத் தோப்பை வைத்தே சொன்னேன். தை மாதம் பூத்துக் கொட்டும் மரத்தைப் பார்த்துக் குத்தகைக்காரர் ஒரு விலை பேசுவார். பிஞ்சு நின்ற பிறகு பேசும் விலை வேறு. காய் லாரியேறிக் கூழ் ஃபேக்டரி வாசலில் நிற்கும்போது வேறு. பெங்களூரா மாங்காய் விலை விழுந்த வருஷங்களில் பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் நாங்கள். மரம் நிறையக் காய் இருந்தது, விளைச்சல் இல்லை. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

சுரங்கத்திலும் அப்படித்தான், படிப்படியாகப் பெயர் மாறும். இந்திய விதிகள் கனிம ஆய்வை ஜி4இலிருந்து ஜி1 வரை நாலு நிலையாக வைத்திருக்கின்றன. எண் குறையக் குறைய நிச்சயம் கூடும். ஜி4 பூமியை மேலோட்டமாகப் பார்ப்பது: படம் வரைவது, மண்ணும் கல்லும் எடுத்துச் சோதிப்பது. இந்த நிலையில் கிடைப்பதைத் தாது என்று எழுதவே கூடாது. ‘கனிம அடையாளம்’ என்று எழுதலாம். அடுத்து துளையிட்டு, மணிக்கட்டுப் பருமனில் உருளை உருளையாகக் கல்லை எடுத்து, ஆழம் எழுதிப் பெட்டியில் அடுக்குவார்கள். துளைகளின் இடைவெளி நெருங்க நெருங்க, உள்ளே என்ன, எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். அப்படிக் கணக்கிட்டது ‘வளம்’. அந்த வளத்தில் வெட்டி எடுத்தால் கட்டுபடியாகும் என்று நிரூபித்த பகுதி மட்டும் ‘இருப்பு’. மளிகைக் கடைக்காரர் சொல்லும் அதே இருப்புதான், எண்ணி எடுத்துக் கொடுக்கக்கூடியது. வளம் என்பதும் இருப்பு என்பதும் ஒன்றுதான் என்பதுபோல் செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அது பெரிய பிழை.

இருப்பு என்று சொல்லும் முன் வெள்ளிக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. பெரும்பாலும் வெள்ளி தனியாக வராது. ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். நம் நாட்டு வெள்ளி ஏறக்குறைய முழுவதும் ராஜஸ்தானத்து ஈய, துத்தநாகச் சுரங்கங்களின் துணைப்பொருள். ஈயக் கனிமமான கலீனாவுக்குள் வெள்ளி இருந்தால் நல்லது. பொடித்து, நீரில் கலக்கி, ரசாயனம் சேர்த்துக் காற்று ஊதினால் நுரையோடு மேலே வந்துவிடும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத்துக்குள் பூட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கும் செலவே வெள்ளியைத் தின்றுவிடும். அதன் பிறகு சுரங்கம் கட்டுபடியாகுமா என்று பார்க்கும் இயலுமைக் கணக்கு, சுற்றுச்சூழல் அனுமதி, மக்கள் கருத்துக் கேட்பு, சுரங்கக் குத்தகை, ஆலை கட்டுதல். முதல் துளையிலிருந்து முதல் வெள்ளிக் கட்டி வரை பத்துப் பதினைந்து வருஷம் ஆவது சாதாரணம். பாதி வழியில் நின்றுபோகும் ஆய்வுகளே அதிகம்.

தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் ஏழு தாதுக்களை ‘உடற்கட்டுகள்’ என்று அழகாக ஆக்கிக்கொண்டார்கள். உலோகத் தாதுவுக்கு அப்படி ஒன்றை ஆக்குவதானால் ‘விளைகல்’ என்பேன். விளைந்தால்தானே அந்தப் பெயர். ஆனால் ‘இரும்புத் தாது’ எல்லார் வாயிலும் ஊறிப்போன வழக்கு, அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. தாது தாதுவாகவே இருக்கட்டும், பலன் கட்டும் என்று நிரூபித்த கல்லுக்கு மட்டும். அடையாளம், வளம், இருப்பு என்ற மூன்று சொற்களையும் அதனதன் இடத்தில் வைத்தாலே போதும்.

தரகர் திரும்ப வந்தால் கேட்க ஒரு கேள்வியைச் சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: “ஜி எத்தனை?”