டெபுடேஷன் என்றால் அயற்பணி

"சார் இருக்காரா?" "அவர் டெபுடேஷன்ல போயிருக்கார்." அரசு அலுவலகப் படியேறியவர்களுக்குப் பழகிப்போன பதில். ஆள் இன்னொரு துறையில் வேலை பார்ப்பார். பணிமூப்புப் பட்டியலில் பெயர் மட்டும் பழைய துறையிலேயே இருக்கும். இந்தச் சொல்லைச் சுற்றி வரும் வழக்குகளெல்லாம் இந்த இரட்டை நிலையில் பிறந்தவைதான்.

அகராதியைப் புரட்டினால் வேறு பொருள் கிடைக்கும்: பலர் சார்பில் கோரிக்கை வைக்கப் போகும் குழு. 1906-இல் ஆகா கான் தலைமையில் வைஸ்ராய் மிண்டோவைச் சந்தித்த குழுவுக்கு 'சிம்லா டெபுடேஷன்' என்றே பெயர். அந்தப் பொருளை நம்பி அரசாணையை மொழிபெயர்த்தால், வருவாய்த் துறை உதவியாளர் வீட்டுவசதி வாரியத்துக்குப் 'பிரதிநிதியாக' போய்விடுவார்! 1997-இல் பஞ்சாப் காவலர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது: பணிச்சட்டத்தில் இச்சொல்லுக்கு அகராதிப் பொருள் உதவாது, தன் பணித்தொகுதிக்கோ ('கேடர்'), முதலில் சேர்ந்த தாய்த்துறைக்கோ வெளியே, தற்காலிகமாகப் பார்க்கும் பணியே டெபுடேஷன்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'புதாரே' என்றால் முதலில் கிளைகளைக் கழித்துவிடுவது. பிறகு கணக்கிடுவது, கருதுவது. 'தெபுதாரே' என்பது ஒன்றை இன்னாருக்கென்று கருதி ஒதுக்குவது. 'டெபுடி' கலெக்டரில் இருப்பதும் இதே வேர். வேடிக்கை என்னவென்றால், தகராறைக் குறிக்கும் 'டிஸ்பியூட்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். டெபுடேஷனும் வழக்கும் ஒட்டிப் பிறந்தவை போல.

சரி, தமிழில்? மாற்றுப்பணி, அயற்பணி என்று இரண்டும் புழங்குகின்றன. ஆசிரியர்களிடம் மாற்றுப்பணிதான் அதிகம்: சம்பளப் பட்டியல் ஒரு பள்ளியில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இன்னொரு பள்ளியில். ஒரே துறைக்குள் நடப்பதற்கு அந்தச் சொல் போதும். துறை விட்டுத் துறை போவதற்கு அயற்பணியே பொருத்தம் என்பது என் கட்சி. 'மாற்று' என்றால் மாறுதல், இடமாற்றம் என்ற நினைப்பு வந்துவிடும். மாறுதலில் போனவர் திரும்பி வர வேண்டியதில்லை. 'அயல்' என்று சொன்ன உடனே, சொந்த இடம் ஒன்று உண்டு என்பதும் கூடவே வந்துவிடுகிறது. அரசு ஊழியர்களின் சம்பளம், விடுப்பு போன்றவற்றுக்கான அடிப்படை விதிகளில் வரும் 'ஃபாரின் சர்வீஸ்' என்பதையும் அயற்பணி என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டு வேலை இல்லை அது. அரசு நிதியிலிருந்து அல்லாமல் வாரியமோ கழகமோ சம்பளம் தரும் பணி.

அந்தப் பஞ்சாப் காவலர்கள் மாவட்டக் காவலிலிருந்து குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் போனவர்கள். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, தற்காலிகப் பதவி உயர்வும் பெற்றார்கள். திருப்பி அனுப்பியபோது பழைய பதவிக்கே இறங்க வேண்டியிருந்தது. தோளில் ஏறிய நட்சத்திரத்தைக் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? ஆனாலும் அவர்கள் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அயற்பணி முடிந்தால் தாய்த்துறையில் விட்டுவந்த பதவிக்கே திரும்ப வேண்டும். இடைப்பட்ட காலத்தில் தாய்த்துறையிலேயே பதவி உயர்வு வாங்கியிருந்தால்தான் விதிவிலக்கு. 2000-இல் சிபிஐக்கு அயற்பணியில் வந்த ஒருவர் வழக்கிலும் இதே முடிவு: எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம், அங்கேயே நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும்படி உரிமை கோர முடியாது. அப்படிச் சேர்த்துக்கொள்வதை 'ஈர்த்துக்கொள்ளுதல்' என்பார்கள்.

திருப்பி அனுப்புவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ரீபேட்ரியேஷன்' என்ற சொல்லுக்குள் இருப்பது தந்தை நாடு. நாமோ 'தாய்த்துறை' என்கிறோம். எனக்கு நம்முடையதே பிடித்திருக்கிறது. 'திருப்பி அனுப்பப்பட்டார்' என்று செய்தித்தாளில் படிக்கும்போதுதான் தண்டனை வாடை அடிக்கிறது. 'தாய்த்துறைக்கு விடுவிக்கப்படுகிறார்' என்று எழுதினால் அந்த வாடை இல்லை.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. 1971-இல் மகாராஷ்டிர அதிகாரி ஒருவரைத் தாய்த்துறைக்கு அனுப்பிய ஆணையின் பின்னணியைப் பார்த்த உச்ச நீதிமன்றம், அது தண்டனையே என்று கண்டு, விசாரணையின்றி அரசு ஊழியரைப் பதவி இறக்கக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவுப்படி செல்லாது என்றது. 2005-இல் இன்னொரு வழக்கில், காலம் குறித்து அனுப்பியிருந்தால் தகுந்த காரணமில்லாமல் நடுவில் அதைக் குறைக்கக் கூடாது என்றும் சொன்னது. அதனால் அயற்பணி ஆணை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஊர்ப் பெயரை அல்ல. 'மூன்றாண்டுக் காலத்துக்கு' என்று எழுதியிருக்கிறதா, 'மறு ஆணை வரும் வரை' என்று எழுதியிருக்கிறதா என்பதை.