என்புமச்சை மாற்றியபின் சலத்தில் இரத்தம் வருவது ஏன்?

திருகோணமலையில் யாருக்காவது சலம் எரிந்தால் "உடம்பு சூடு, செவ்விளநீர் குடியுங்கோ" என்றுதான் முதலில் சொல்வோம். மற்றவர்களுக்குச் சரி. என்புமச்சை மாற்றுச் சிகிச்சை, அதாவது இரத்தம் உண்டாக்கும் கலங்களைக் கொடையாளியிடமிருந்து பெற்று ஏற்றும் சிகிச்சை, முடித்து ஊர் திரும்பியவருக்கு அதைச் சொல்லக்கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்க அவர் குடிக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. அதோடு, எரிவுக்குக் காரணம் சூடாக இல்லாமல் பீ.கே. வைரசாகவும் இருக்கலாம்.

1971இல், சிறுநீரகம் மாற்றப்பட்ட ஒரு நோயாளியின் சலத்தில் இந்த வைரசைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே இதன் பெயர். நம்மில் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே இது தொற்றிவிடுகிறது. பிறகு சிறுநீரகத்திலும் சலம் போகும் பாதையிலும் வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பவை டி கலங்கள் என்ற, தொற்றை எதிர்க்கும் வெள்ளைக் குருதிக் கலங்கள்.

மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகள் அந்தக் கலங்களை அழித்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றான சைக்ளோபொஸ்பமைட்டைக் கொடுத்தால், அது உடைந்து உண்டாகும் அக்ரோலின் சிறுநீர்ப்பையின் உட்தோலையும் புண்ணாக்குகிறது. இதைத் தடுக்கத்தான் மெஸ்னா என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காவல் இல்லாத அந்த நேரத்தில் வைரசு பெருகுகிறது. சில கிழமைகள் கழித்து, கொடையாளியின் கலங்கள் வளர்ந்து, தொற்றிய இடத்தைத் தாக்கத் தொடங்கும்போது அழற்சி இன்னும் கூடுகிறது. அதனால்தான் இரத்த எண்ணிக்கை ஏறி, வீட்டார் நிம்மதி அடையும் சமயத்திலேயே பலருக்குச் சலம் சிவக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைவாக இருந்தால் கசிவு லேசில் நிற்காது.

இந்த வைரசுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. அன்டிபயோட்டிக் வைரசைத் தொடாது. சிடோபோவிர் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, பலனுக்கான ஆதாரமும் பலமானதல்ல. வைரசைத் தாக்கவென்றே வளர்த்த டி கலங்களை ஏற்றும் முறை பெரிய நம்பிக்கை தந்தது. ஆனால் அவ்வகைத் தயாரிப்பு ஒன்றின் இறுதிக்கட்டச் சோதனைகள் பலன் தெரியாததால் 2023இல் நிறுத்தப்பட்டன.

ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி, புதிய டி கலங்கள் தேறும்வரை நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதுதான். சேலைன், சிறுதட்டு ஏற்றம், வலிநிவாரணி கொடுப்பார்கள். இரத்தக் கட்டிகள் வழியை அடைத்தால் மூன்று வழிக் குழாய் போட்டு, சேலைனால் சிறுநீர்ப்பையை இடைவிடாமல் கழுவுவார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தால் வைரசு அடங்கலாம்; ஆனால் கொடையாளியின் கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. எனக்கு இதுதான் மருத்துவரின் மிகக் கடினமான முடிவாகத் தெரிகிறது. வீட்டில் யாரும் தாமாக அந்த மருந்தை நிறுத்தவே கூடாது.

வலிக்கென்று பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். அது இரத்தக் கசிவைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கெடுதி. சலத்தில் கட்டி வந்தாலோ, சலம் அடைத்து அடிவயிறு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் திருகோணமலை வைத்தியசாலைக்கே முதலில் போங்கள். டயக்னோசிஸ் கார்டையும் மருந்துகளையும் கொண்டுபோய், மாற்றுச் சிகிச்சை செய்த பிரிவோடு உடனே பேசும்படி அங்கிருக்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.