ஆற்றை எந்த நேரத்தில் அளப்பது?

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி நலமாக இருக்கிறதா என்று கேட்டால், "எதற்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுநீரை அதன் பயன்பாட்டை வைத்தே வகைப்படுத்துகிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிப்பதற்கு உரிய நீரில், கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் 100 மில்லிலிட்டருக்கு 50-ஐத் தாண்டக் கூடாது. குளிப்பதற்கு 500 வரையிலும், முறையாகச் சுத்திகரித்துக் குடிப்பதற்கு 5,000 வரையிலும் ஏற்கலாம். ஆகவே சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தேறும் அதே நீர், படித்துறையில் மூழ்கி எழுபவருக்குத் தேறாமல் போகலாம்.

அடுத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். குளிக்கும் நீரில் இது லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் அதில் எவ்வளவைச் செலவழிக்கின்றன என்பதை அறிய, மாதிரியைப் புட்டியில் அடைத்து, 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் இருட்டில் வைத்து, முன்னும் பின்னும் அளந்து கழிக்கிறார்கள். குளிர்நாடுகளில் இதே சோதனை 20 பாகையில் ஐந்து நாள் நடக்கிறது. 27 பாகையும் மூன்று நாளும் நம் வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட கணக்கு.

ஆனால் புட்டி அதை நிரப்பிய நொடியை மட்டுமே சொல்லும். நேற்றிரவு ஓடையில் கலந்த சாக்கடை இன்று கடலுக்குப் போயிருக்கலாம். ஓடிப்போக முடியாதவை கல்லுக்கடியில் வாழும் சிற்றுயிர்கள்தாம். பிரிட்டனில் உருவான ஒரு மதிப்பெண் முறை இவற்றை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்துகிறது. தூய நீரையே நாடும் மேஃப்ளை என்னும் பூச்சியின் குடும்பங்கள் பலவற்றுக்கு 10, நீருக்குள் வளரும் தட்டான் குஞ்சுகளுக்கு 8, கொசுவைப் போன்ற கடிக்காத சிற்றீக்களின் புழுக்களுக்கு 2, சேற்றில் நெளியும் மண்புழு இனத்துக்கு 1. அச்சிற்றீக்களின் புழுக்கள் சில சிவந்திருப்பது, நம் இரத்தத்தைப் போலவே அவற்றிலும் ஹீமோகுளோபின் இருப்பதால்தான். ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றிலும் அவை தாக்குப்பிடிப்பது அதனால்தான். கல்லைப் புரட்டும்போது சிவப்புப் புழுக்கள் மட்டுமே தென்படும் இடத்தில் ஆய்வகம் வேறு என்ன சொன்னாலும் நான் ஐயப்படுவேன்.

மக்கள் பயன்பாட்டைப் பதிவு செய்வது பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. உண்மையில் அது முதலில் நடக்க வேண்டிய வேலை. யார், எந்தத் துறையில், எப்போது இறங்குகிறார்கள், எங்கே துணி துவைக்கிறார்கள், எங்கே மாடு குளிப்பாட்டுகிறார்கள், எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கோடையில் எத்தனை நாள் நீர் ஓடுகிறது, அமலைச்செடி என்னும் ஆகாயத்தாமரை எந்த மாதம் ஆற்றை மூடுகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகே எங்கே மாதிரி எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

எப்போது எடுப்பது என்பதும் அதில் அடங்கும். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனை வெளியிட்டு, இரவில் அதை உள்ளிழுப்பதால், நீரில் அதன் அளவு விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் தாழ்ந்திருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கோலிஃபார்மைக் கொல்வதால், நண்பகல் மாதிரியில் அதன் எண்ணிக்கையும் குறைந்தே தெரியும். பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து நிரப்பிச் செல்லும் புட்டியில் இருப்பது, விடியற்காலையில் துண்டோடு படியிறங்கியவர் குளித்த நீர் அல்ல.