கல்லில் பூக்கும் உப்பு

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். பலவற்றுக்கு முகமே இல்லை. வாயில் போட்டுச் சப்பிய கற்கண்டு மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. அதே ஊரின் ஐந்து ரதங்கள் இந்தக் கோயிலுக்கும் முந்தியவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆனாலும் அங்கே சிற்பங்களின் வரிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ரதங்கள் கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி நிற்கின்றன.

அலை அடித்து அடித்துத்தான் தேய்ந்தது என்று நினைப்போம். அலை அந்த நந்திகளைத் தொடுவதே அபூர்வம். 2004 சுனாமியில்கூடக் கோயிலுக்குப் பெரிய சேதமில்லை. அன்றாடம் அரிப்பது காற்றில் வரும் உப்பு.

அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகள் மேலே தெறிக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. காற்று அந்தத் துளிகளைக் கொண்டுவந்து கல்லில் ஒட்டிவிடுகிறது. கருங்கல்லில் என்ன துளை இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அது பல கனிமங்களின் கலவை. வெயிலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரிவதால் இடையிடையே மயிரிழை விரிசல்கள் விழும். உப்புநீர் அதற்குள் இறங்கிவிடும்.

அப்புறம்தான் வேலை ஆரம்பம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். விரிசலுக்குள் வளரும் படிகம் சுவரை நெட்டித் தள்ளும். கல் பொருக்குப் பொருக்காக உதிரும். ராத்திரி கரைந்து மத்தியானம் இறுகி, இப்படி ஆயிரத்து முந்நூறு வருஷம்.

பருவநிலை மாற்றம் இங்கேதான் குறுக்கே வருகிறது. நாம் வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறியது என்று பார்க்கிறோம். கல்லுக்கோ ஈரப்பதம் அந்த 75 சதவீத எல்லையை ஒரு வருஷத்தில் எத்தனை தடவை தாண்டுகிறது என்பதுதான் கணக்கு. கடல்மட்டம் உயர்ந்தால் உப்பைத் தெளிக்கும் அலையும் கிட்டே வந்துவிடும்.

சரி, நீர் புகாத பூச்சு ஒன்றை அடித்துவிட்டால்? வீட்டுச் சுவரில் உப்பு பூத்த இடத்தில் பெயின்ட் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில மாதத்தில் பெயின்ட் கொப்புளித்துக் காரையோடு சேர்ந்து விழும். உள்ளே இருக்கும் உப்பு வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகும். கோயில் கல்லிலும் அதேதான். அங்கே பெயின்டுக்குப் பதில் சிற்பம் விழும்.

அதனால் தொல்லியல் துறையினர் கையாளும் வழி வேடிக்கையாகத் தெரியும்: காகிதக் கூழ். காகிதத்தை உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்மேல் தடிமனாக அப்புகிறார்கள். நீர் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கரைக்கும். வெளிப்பக்கம் காயக் காய, உள்ளிருக்கும் நீர் உப்போடு சேர்ந்து கூழை நோக்கி ஏறும். காய்ந்த கூழை உரித்தால் உப்பு அதோடு வந்துவிடும். எவ்வளவு வந்தது என்று அளந்து பார்த்து, மறுபடி அப்ப வேண்டும்.

உப்பை வழியிலேயே மறிக்க சவுக்குத் தோப்பு இருக்கிறது. அதன் ஊசி போன்ற மெல்லிய கிளைகள் துளிகளைச் சல்லடைபோல் பிடிக்கின்றன, காற்றின் வேகமும் மட்டுப்படுகிறது. பாறாங்கற்களைக் கொட்டிய அலைத்தடுப்பும் இருக்கிறது. அது கோயிலைக் காத்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவே கல்லைப் போட்டால் வடக்குப் பக்கத்துக்கு மணல் குறையும். கோயிலுக்கு வடக்கே ஒட்டினாற்போல மீனவர் குப்பம். படகை ஏற்றி வைக்கவும் வலையை விரித்துப் போடவும் அவர்களுக்கு அந்த மணல்தான் இடம். பாரம்பரியச் சின்னத்துக்கான திட்டம் எதிலும் முதலில் கேட்க வேண்டியது அந்த மணலின் கணக்கைத்தான் என்பேன்.

1984 முதல் மாமல்லபுரத்தின் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது கையில் ஒரு கைக்குட்டை வைத்திருங்கள். சாயங்காலம் கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால், வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும்.